இரண்டாவது குழாய்

என் கணவருக்கு முதலில் விட்டுப்போனது வலது கை. ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். நான் போட்டுவிட்டேன். "கைய மடக்கிப் படுத்திருப்பீங்க" என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். கொஞ்ச நாளில் ஸ்பேனர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பிறகு ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை.

அவர் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். அதை இரவும் பகலும் இறைத்தால்தான் மேலே வெட்ட முடியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் வேலை. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். நான் கும்பகோணத்திலிருந்து வந்து டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தவள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டிலும் வெளியிலும் "டீச்சர்"தான்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மூளையும் கண்ணும் மட்டும் கடைசி வரைக்கும் தெளிவாக இருக்கும். மருந்து இல்லை. அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், எங்களைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எவ்ளோ நாளைக்கு சார் பேச முடியும்?"

"சொல்ல முடியாதுங்க. ஆளுக்கு ஆள் மாறும்."

திரும்பி வரும்போது வடலூரில் இறங்கி டீ குடித்தோம். அவரால் டம்ளரை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் நான் டம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்.

அடுத்த வருஷத்துக்குள் கால்களும் போயின. எங்களுடையது மாடிக் குவார்ட்டர்ஸ். படி இறங்குவது என்பது நான்கு பேர் நாற்காலியோடு தூக்குகிற வேலை ஆனபிறகு, மெடிக்கல் லீவில் இருந்த அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். நான் வேலையை விட்டேன். பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான், லீவு கிடைக்கும்போது வருவான். படுக்கையறையில் காற்று வராது என்பதால் கட்டிலைக் கூடத்தில் போட்டோம். கட்டிலுக்கு எதிரே சுவரோரம் அவருடைய மீன் தொட்டி இருந்தது.

மீன் வளர்ப்பது அவருடைய பழக்கம், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. நான்கைந்து ஏஞ்சல் மீன்கள், கொஞ்சம் கருப்பு மோலி. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் மாற்றுவார், பாசியைச் சுரண்டுவார். கை போனபிறகு அதெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் அரைகுறையாகச் செய்தேன்.

ஒரு நாள் அவர் சொன்னார், "மேல ஏடு கட்டிக்கினு இருக்கு டீச்சர்."

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் தெரிந்தது.

"அங்கருந்து பாத்தா தெரியாது. இங்க வந்து படு."

கட்டிலில் அவர் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் படுத்துப் பார்த்தேன். தொட்டி உயரத்தில் இருந்தது, கட்டில் தாழ்வு. கீழிருந்து பார்க்கும்போது தண்ணீரின் மேல்பரப்பு ஒரு கூரை மாதிரி தெரிந்தது. அந்தக் கூரை முழுக்க அழுக்கு. பால் ஆறினால் படிகிற ஆடை போல, நடுநடுவே கருப்புப் பொடியோடு. எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜை மேல் விரலால் பெயர் எழுதலாம். அந்தக் கரித்தூசிதான். நாள் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

டம்ளரால் மொண்டு எடுத்தேன், செய்தித்தாளைப் போட்டு ஒற்றி எடுத்தேன். மறுநாள் மறுபடி படிந்தது.

"மொண்டு எடுத்தா தீராது. தண்ணி தானா மேலருந்து வழியணும். ஓவர்ஃப்ளோ வைக்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஓவர்ஃப்ளோ மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதுதான், மோட்டாரை அணைக்க மறந்தால் தெருவில் தண்ணீர் கொட்டுமே அது. அவர் விளக்கினார். தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடியால் சின்னத் தடுப்பு. தடுப்பின் மேல் விளிம்பைத் தாண்டி மேல்பரப்புத் தண்ணீர் மட்டும் அழுக்கோடு உள்ளே வழியும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்கு அடியில் இருக்கிற இன்னொரு சின்னத் தொட்டிக்கு இறங்கும். அதுதான் சம்ப். அங்கே பஞ்சில் வடிகட்டி, ஒரு பம்ப் வைத்து மேலே திருப்பி அனுப்ப வேண்டும். ஏறுவதும் வழிவதும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அப்போதே அவர் பேச்சு கொழகொழவென்று ஆகியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

பேனா பிடிக்க அவருக்குக் கை இல்லை. நான் பேப்பரில் வரைந்து காட்டினால் அவர் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டியிருந்தது, கை வலித்தது. கடைசியில் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே வரைந்தேன். அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் முழுப் படமும் தெரிந்தது.

"பாதி அளவுல போடாத. நெசமான அளவுல போடு."

"நாலடி நீளமா தரையில போடச் சொல்றீங்களா?"

"எனக்கென்ன, நடக்கறவங்களுக்குத்தான் எடைஞ்சல்."

கூடத்தில் பாதியை அந்தப் படம் பிடித்துக்கொண்டது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினேன். அவருக்குத் தோன்றும்போதெல்லாம் கூப்பிடுவார். தடுப்பின் உயரத்தை ஒரு விரல்கடை குறைக்கச் சொல்வார், குழாயின் வளைவை மாற்றச் சொல்வார். புடவை முந்தானையால் அழித்துவிட்டுத் திரும்ப வரைவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலையில் என்ன செய்கிறார் என்று நான் விவரமாகக் கேட்டதில்லை, அவரும் என் கணக்குப் பாடத்தைக் கேட்டதில்லை. அந்த வாரங்களில்தான் பேசினோம். எவ்வளவு அகலக் குழாயில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னால், "பரவால்ல டீச்சர், உன்ன ஷிப்டுல சேத்துக்கலாம்" என்பார்.

மந்தாரக்குப்பத்தில் மீன் தொட்டி செய்துகொடுக்கிற கடைக்காரரிடம் அளவைக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வீட்டுத் தொட்டிக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டுங்க, போதும்."

"வீட்டுக்காரர் கேக்கறாருங்க."

"சார வரச் சொல்லுங்களேன், நான் பேசறேன்."

"அவரால வர முடியாதுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் ஓட்டை போட்டு, தடுப்பு ஒட்டி, தானே ஆட்டோவில் ஏற்றிவந்து மாடியில் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் நிரப்பி பம்பைப் போட்டோம். அரை மணி நேரத்தில் மேல்பரப்பு பளிச்சென்று ஆகிவிட்டது. ஏடெல்லாம் தடுப்பைத் தாண்டி வழிந்து போய்விட்டது. அவர் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணாடி தொடச்சாப்ல இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

ஆனால் குழாய் சத்தம் போட்டது. தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கியதால், களக் களக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். நான் இரண்டு நாளில் பழகிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், மேலே ஏற்றுகிற குழாயின் வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவைத்துவிட்டு பம்பை அணைக்கச் சொல்வார். மீன்களுக்கும் அப்போதுதான் தீனி போடுவேன் என்பதால், தீனி வழிந்து போய்விடக்கூடாது என்று சொல்கிறார் என நினைத்தேன். ஒரு மத்தியானம் அணைக்க மறந்துவிட்டேன். குழைத்த சோற்றை ஒரு வாய் கொடுத்தேன். குழாய் களக்கென்றது. அவருக்குப் புரையேறி முகம் கருத்துவிட்டது. முதுகைத் தட்டி, நிமிர்த்தி உட்காரவைத்து, மூச்சு திரும்பி வர வெகுநேரமானது.

"அது... என் தொண்ட மாதிரியே கேக்குது" என்றார் பிறகு. "நான் முழுங்கறப்ப அதுவும் முழுங்குது. பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். நான் எழுந்துபோய் பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

பிடுங்கியதில் வேறொன்று நடந்தது. நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். கீழ் வீட்டு அம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அவர் கணவர் அனல்மின் நிலையத்தில் இருந்தார். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி.

"டீச்சர், எங்க பூஜை அலமாரியில மழ பெய்யி. சாமியெல்லாம் நனைஞ்சிட்டு."

திரும்பிப் பார்த்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். பதற்றத்தில் மேலே ஏற்றுகிற குழாயைத் தூக்கிவைக்க மறந்திருந்தேன். பம்ப் நின்றதும், அதன் வாய் தண்ணீருக்குள் ஆழத்தில் இருந்ததால், அதன் வழியாகவே தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கி சம்ப் நிரம்பி வழிந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துப் பிழிந்துகொண்டே கட்டிலைப் பார்த்து, "அண்ணன் சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். அவர் கண்ணால் இல்லை என்றார். "அப்ப டீச்சர் சோத்த ஊட்டுங்க, இத நான் பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து அந்த அம்மா தினமும் மேலே வர ஆரம்பித்தார்.

பின்னோக்கி இறங்குவதற்கு மருந்து சுலபமாக இருந்தது. குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால், பம்ப் நிற்கும்போது அது வழியாகக் காற்று புகுந்து இறக்கத்தை நிறுத்திவிடும். அதை நானே சூடான ஊசியால் போட்டேன். சத்தத்துக்குத்தான் மருந்து கஷ்டம். மறுபடியும் சாக்பீஸ்.

காற்று உள்ளே போவதால்தான் சத்தம். குழாயின் வாய் முழுக்க நீருக்குள் மூழ்கியிருந்து, குழாய் முழுதும் தண்ணீராகவே இறங்கினால் சத்தம் வராது. அதற்கு அடியில் ஒரு கேட் வால்வு வைத்து, மேலே ஏறுகிற அளவுக்குச் சரியாக இறங்கும்படி நெருக்க வேண்டும். இதுவரைக்கும் எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் இன்னொரு குழாய் வேண்டும் என்றார். முதல் குழாயை விட உயரத்தில் வாயை வைத்து, எப்போதும் காலியாக. முதல் குழாயில் இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறிவந்து அதில் இறங்கிக்கொள்ளும்.

"அதான் தினமும் நான் பாத்துக்கிட்டே இருக்கேனே. எதுக்கு இன்னொரு ஓட்டை? கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"ஸ்டாண்ட்பை இல்லாம லைன் ஓட்டக்கூடாது."

"ஏங்க, இது மீன் தொட்டிங்க. மைன்ஸ் இல்ல."

"தண்ணிக்கு மைன்ஸுன்னு தெரியுமா, வூடுன்னு தெரியுமா?"

இதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

கடைக்காரர் டிரில் மிஷினோடு வந்தார். தொட்டியைக் காலி செய்து, மீன்களைக் குண்டானில் விட்டோம். கண்ணாடி சூடாகாமல் இருக்க ஓட்டை போடும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழ் வீட்டு அம்மா சொம்பிலிருந்து மெல்லிசாக ஊற்றினார். அவர் கட்டிலிலிருந்து பார்த்தபடி "மெள்ள, மெள்ள" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. "மெதுவாப் போடச் சொல்றாருங்க" என்று நான் சொன்னேன். "சார் சொன்னா சரிதான்" என்று அவர் கையை இளக்கினார். கடைசியில் ஒரு வட்டத் துண்டு டக்கென்று விழுந்தது. கண்ணாடி விரிசல் விடவில்லை.

எல்லாம் பொருத்தி ஓடவிட்டபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் வழிவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. "இப்ப மூடிப் பாரு" என்றார். முதல் குழாயின் வால்வை முழுக்க மூடினேன். தடுப்புக்குள் தண்ணீர் ஏறியது. ஏறி ஏறி இரண்டாவது குழாயின் வாயைத் தொட்டதும், சோவென்று பெரிய இரைச்சலோடு இறங்கியது. மூடியே வைத்திருந்தும் தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கீழ் வீட்டு அம்மாவும் கையைத் தட்டினார். நாங்கள் நிறுத்தியும் அவர் சிரிப்பு நிற்கவில்லை. உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பு மாதிரி ஆனது. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் தன் பிடியில் இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் எது எது என்று தெரியாமல், அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் சில மாதங்கள் நிம்மதியாக ஓடின என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சு முழுதாகப் போய்விட்டது. ஒரு அட்டையில் மேலே உயிரெழுத்துகளையும் கீழே மெய்யெழுத்துகளையும் எழுதி வைத்துக்கொண்டு, நான் விரலை நகர்த்துவேன். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கண்ணை மூடுவார். ஒரு சொல்லுக்கு நிறைய நேரம் ஆகும். அதனால் இருவரும் சொற்களைக் குறைத்துக்கொண்டோம். காலையில் அவருக்கு முகம் துடைத்ததும் முதல் வேலை வால்வு. சம்ப் தண்ணீர் வெயிலுக்குச் சுண்டுவதால் மட்டம் கொஞ்சம் மாறியிருக்கும். நான் குனிந்து வால்வைத் திருகுவேன், திருகிக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பேன். போதும் என்றால் கண்ணை மூடுவார். நான் எத்தனை முறை முயன்றும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மட்டம் எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினில் இணைக்கலாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், வருஷக்கணக்கில் கூட இருக்கலாம் என்றார்கள். நாள் முழுக்க ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும், சளி உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் சில வாரங்கள். யோசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

பையன் ஓசூரிலிருந்து வந்துவிட்டான். "வச்சிடலாம்மா. நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன். மாறி மாறி பாத்துக்கலாம்" என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன். அட்டையை எடுத்தேன். அவர் 'வேணாம்' என்று எழுத்துக் கூட்டினார். பையன் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ்ப்பா" என்று அழுதான். அவர் மறுபடியும் அதே எழுத்துகளுக்குக் கண்ணை மூடினார்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அடுத்த நாள் நான் தனியாகக் கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டை போட்டேன்.

"மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட்பை வேணும்னு சட்டம் பேசினீங்களே. உங்களுக்கு வேணாமா? எனக்காகவாவது வேணாமா?"

அவர் வெகுநேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். நான் விரலை நகர்த்தினேன். நீ. தூ. ங். நான் அதற்கு மேல் நகர்த்தவில்லை. அவர் கண்கள் அட்டையிலேயே நின்றிருந்ததால் மிச்சத்தையும் முடித்தேன். 'நீ தூங்கணும்.'

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் தொடர்ந்து தூங்கியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைக் காரணமாக வைத்து அவர் போவதை நான் எப்படி ஒத்துக்கொள்வேன்? "நான் தூக்கத்துக்கு ஏங்கறேன்னு யார் சொன்னா உங்ககிட்ட?" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது ஆமென்பதற்கு மூடியதல்ல, பேச்சை முடித்துக்கொள்ள மூடியது. அப்படி மூடிக்கொண்டால் அவரோடு வாதாட யாராலும் முடியாது. அன்று மாலை வரைக்கும் நான் அவரிடம் பேசவில்லை. பிறகு கஞ்சி கொடுக்கப் போனேன்.

அவர் போனது ஒரு முற்பகலில். முகம் துடைத்து, சட்டை மாற்றி, தலைவாரிவிட்டிருந்தேன். அடுப்பில் இருந்த கஞ்சியை இறக்கி ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது கண் தொட்டியைப் பார்த்தபடி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துக் கீழ் வீட்டு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அம்மாதான் அவர் கண்களை மூடிவிட்டார்.

வீடு நிறைந்துவிட்டது. மைன்ஸிலிருந்து அவர் ஷிப்ட் ஆட்கள் வேலை உடுப்போடு வந்தார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள். அவருடைய பெரியப்பா மகன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "எழவு வூட்ல மோட்டார் ஓடிக்கினு இருக்கு. யாராவது நிறுத்துங்கப்பா" என்றார். ஒருவர் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். கீழ் வீட்டு அம்மா போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நிறுத்தக்கூடாதுங்க. மீனு செத்துப்போயிரும். அண்ணன் வச்சது."

எடுக்கிற வரைக்கும் அந்த அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று பையன் பிறகு சொன்னான்.

வேலையில் இருந்தவர் இறந்துவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கொடுப்பார்கள். அது முடிகிற சமயத்தில் பையன் ஓசூருக்கு வந்துவிடச் சொன்னான். நான் வடலூரில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டேன். டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம், அவரோடு இருந்த ஊரை விட்டு ரொம்பத் தூரம் போக வேண்டாம் என்று இருந்தது. வாடகை வீட்டில் அத்தனை பெரிய தொட்டியை வைக்க இடமில்லை. கீழ் வீட்டு அம்மா தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிரிக்கும்போது குழாய்களை நான்தான் கழற்றினேன். முதல் குழாய் உள்ளே பாசி பிடித்து வழவழவென்று இருந்தது. இரண்டாவது குழாய் புதுசாகவே இருந்தது. உள்ளே ஒரு சின்னச் சிலந்தி வலை. நாங்கள் மூடிப் பார்த்த அந்த ஒரு தடவையைத் தவிர அதில் தண்ணீர் இறங்கவே இல்லை. அதைக் கீழே கொண்டுபோய் மாட்ட வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "மாட்டுங்க" என்றேன்.

இப்போதும் மாதத்தில் ஒரு தடவையாவது டவுன்ஷிப்புக்குப் போகிறேன். பழைய ஏஞ்சல் மீன்களில் இரண்டு போய்விட்டன, அந்த அம்மா புதிதாக ஏதோ சிவப்பு மீன் வாங்கி விட்டிருக்கிறார். கீழ் வீடும் எங்கள் வீடும் ஒரே அமைப்பு. அதே கூடம், அதே ஜன்னல், சமையலறைக்குத் திரும்புகிற அதே வளைவு. எங்கள் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் கீழே அவர்கள் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. முதல் தடவை போனபோது என்னால் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றேன். இப்போது போய் உட்காருகிறேன்.

போன தடவை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே யாரோ திடுதிடுவென்று ஓடினார்கள்.

"புதுசா வந்தவங்க. ரெண்டு பிள்ளைங்க" என்றார் அந்த அம்மா.

"சத்தம் இவ்ளோ தெளிவாக் கேக்குமா?"

"கேக்குமே. உங்க காலடியும் எனக்குத் தெரியுமே டீச்சர். அடுப்படிக்கும் கட்டிலுக்குமா நடப்பீங்க. வேகமா நடந்தீங்கன்னா அண்ணனுக்கு அன்னைக்கு முடியலன்னு அர்த்தம். மெதுவா நடந்தீங்கன்னா பரவாயில்லன்னு நெனச்சிக்கிடுவேன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "அண்ணன் போன அன்னைக்குக் கட்டில் வரைக்கும் நடந்தீங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் பாத்தேன். அப்பறந்தான் மேல வந்தேன்."

அந்த வருஷங்களில் நான் தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேலே பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். நான் மேல்தளத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.